வெளிநாட்டு ஆய்வாளருடன் சேர்ந்து அரச நிதிக்கு விண்ணப்பிப்பது எப்படி? திருகோணமலை ஆய்வாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர்களையும், திருகோணமலை மாவட்டத் திணைக்களங்களில் இருந்துகொண்டு ஆய்வு செய்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். உங்களிடம் ஒரு நல்ல ஆய்வுக் கேள்வி இருக்கிறது, வெளிநாட்டில் ஒருவரோடு மின்னஞ்சல் தொடர்பும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பம் எழுதுவதில் அநேகம் பேருக்குச் சிக்கல் இல்லை. அதைச் சுற்றியுள்ள வேலைகளை எந்த ஒழுங்கில் செய்வது என்பதில்தான் சறுக்குகிறார்கள்.

மற்றவர் கையில் இருக்கும் வேலையை முதலில் தொடங்குங்கள். உங்கள் கையில் இருக்கும் வேலையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். எழுத்து வேலையை இரவிரவாக விழித்திருந்தாவது முடித்துவிடலாம். துணைவேந்தரின் கையொப்பத்தையும் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியையும் அப்படி வாங்க முடியாது. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன.

உதாரணத்துக்கு, நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாமலைத் தீவின் பவளப்பாறைகள் பற்றிய ஒரு கூட்டாய்வை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் ஆய்வு குச்சவெளிக் கிணற்று நீரைப் பற்றியதாகவோ, தம்பலகாமத்து நெல்லைப் பற்றியதாகவோ, சித்த மருத்துவ மூலிகைகளைப் பற்றியதாகவோ இருந்தாலும் படிகள் இவைதான். அனுமதி தரும் திணைக்களம் மட்டும் மாறும்.

1. பணம் எந்த வழியால் வரும் என்று முதலில் பாருங்கள்

அரசுகள் தரும் கூட்டாய்வு நிதி எல்லாம் ஒரே மாதிரி வருவதில்லை. வழி தெரியாமல் எழுதினால் வரவு செலவுத் திட்டம் முழுவதும் பிழைத்துவிடும். அதனால் இது முதற்படி.

முதலாவது, இருதரப்பு நிதி. இரண்டு அரசுகள் உடன்பட்டு ஒரே நேரத்தில் அழைப்பு விடும். இந்திய விஞ்ஞான தொழில்நுட்பத் திணைக்களமும் இலங்கைத் தரப்பும் சேர்ந்து நடத்தும் கூட்டாய்வுத் திட்டம் இந்த வகை. கொழும்பு 7இல் உள்ள நமது தேசிய விஞ்ஞான மன்றம் சீனத் தேசிய இயற்கை விஞ்ஞான மன்றத்துடன் சேர்ந்து விடும் அழைப்பும் அப்படித்தான். இங்கே பணம் எல்லையைத் தாண்டாது. இந்தியப் பங்காளியின் செலவை இந்தியா கொடுக்கும், உங்கள் செலவை இலங்கை கொடுக்கும். பரிமாற்றப் பயணங்களில் பொதுவாக அனுப்பும் நாடு விமானச் செலவையும், வரவேற்கும் நாடு தங்குமிடத்தையும் உள்ளூர்ப் போக்குவரத்தையும் ஏற்கும். புதியவர்கள் பலர் இதைக் கவனிக்காமல், பங்காளியின் ஆய்வுகூடத்துக்கு வேண்டிய இயந்திரத்தைத் தங்கள் பக்கத்துத் திட்டத்தில் போட்டுவிடுகிறார்கள்.

இருதரப்பு நிதியில் இன்னொரு விதியும் உண்டு. இரண்டு ஆய்வாளர்களும் தத்தம் நாட்டு நிறுவனத்துக்குத் தனித்தனியாக விண்ணப்பம் அனுப்ப வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வந்து மறுபக்கம் வராவிட்டால், யாரும் வாசிக்காமலே அது தள்ளப்படும்.

இரண்டாவது, அபிவிருத்தி உதவியோடு பிணைந்த நிதி. ஜப்பானின் சாட்ரெப்ஸ் திட்டம் இதற்கு நல்ல உதாரணம். 2008இல் தொடங்கியது, ஒரு திட்டம் 3 முதல் 5 ஆண்டுகள் ஓடும். இலங்கையில் குப்பை மேடுகளின் மாசு பற்றியும், மண்சரிவு முன்னெச்சரிக்கை பற்றியும் இதன் கீழ் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஜப்பானிய ஆய்வாளர் தன் நாட்டு விஞ்ஞான தொழில்நுட்ப முகவரகத்துக்கு விண்ணப்பிப்பார். அதே காலத்தில் நமது நிறுவனம் தன் அமைச்சின் ஊடாக, வெளிநாட்டு வளத் திணைக்களத்தின் வழியே, ஜப்பான் அரசிடம் தொழில்நுட்ப ஒத்துழைப்பைக் கோர வேண்டும். இரண்டும் வந்து சேர்ந்தால்தான் பரிசீலனை. ஜப்பானிய விண்ணப்பம் எவ்வளவு திறமாக இருந்தாலும், கொழும்பிலிருந்து கோரிக்கை போகாவிட்டால் வேலை அத்தோடு நின்றுவிடும். இதில் உங்கள் கணக்குக்குப் பெருந்தொகை வரும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். ஜப்பானின் சர்வதேச ஒத்துழைப்பு முகவரகமான ஜைக்காவின் உதவி பெரும்பாலும் கருவியாகவும் நிபுணர் வருகையாகவும் பயிற்சியாகவும் வரும். நம்மவர் சம்பளம், அலுவலக இடம் போன்றவை நம் நிறுவனத்தின் பொறுப்பு.

மூன்றாவது, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் ஐரோப்பா. 2021 முதல் 2027 வரையான திட்டம் இது. இலங்கை நிறுவனங்கள் இதில் நேரடியாக நிதி பெறத் தகுதியுள்ளவை. வழக்கமான கூட்டுத் திட்டத்துக்குக் குறைந்தது மூன்று நாடுகளின் நிறுவனங்கள் வேண்டும். அந்த மூன்றும் ஐரோப்பிய ஒன்றிய உறுப்பு நாடுகளாகவோ, ஒப்பந்தம் செய்து திட்டத்தில் சேர்ந்துள்ள இணைப்பு நாடுகளாகவோ இருக்க வேண்டும், அவற்றில் ஒன்றாவது உறுப்பு நாடாக இருப்பது கட்டாயம். இலங்கை அந்த மூன்றுக்குள் எண்ணப்படாது. ஒரு ஜெர்மன் பேராசிரியர், ஒரு பிரெஞ்சுப் பேராசிரியர், நீங்கள் என்று மூன்று பேர் சேர்ந்தால் போதும் என்று நினைத்து எழுதத் தொடங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். போதாது. மூன்றாவது ஐரோப்பியப் பங்காளி வேண்டும்.

இந்த மூன்றில் உங்கள் நிலைக்கு எது பொருத்தம்? முதல் தடவை என்றால் இருதரப்பு நிதியில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. தொகை சிறிது, ஆனால் முழுவதையும் நீங்களே நடத்திப் பழகலாம். அப்படி ஒரு திட்டத்தை ஒழுங்காக முடித்துக் கணக்குக் காட்டியவருக்கு மற்ற இரண்டு கதவுகளும் சுலபமாகத் திறக்கும்.

2. அழைப்பு வருவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

அழைப்பு வெளிவந்தால் ஆறு, எட்டு வாரம்தான் தருவார்கள். பின்வருவனவற்றை அந்த வாரங்களுக்குள் தேடத் தொடங்கினால் எழுத நேரம் இருக்காது.

நிறுவனத்தின் சட்டப்பெயர். படிவத்தில் சட்டரீதியான நிறுவனம் எது என்று கேட்டால் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதுங்கள். திருகோணமலை வளாகம் அதன் ஒரு பகுதி, தனிச் சட்ட நிறுவனம் அல்ல. இதை மாற்றி எழுதினால் ஒப்பந்தம் செய்யும் கட்டத்தில் வங்கிக் கணக்கின் பெயரும் விண்ணப்பத்தின் பெயரும் ஒத்துப்போகாமல் இழுபடும்.

ஐரோப்பிய விண்ணப்பங்களுக்குப் பல்கலைக்கழகத்தின் பங்கேற்பாளர் இலக்கம் வேண்டும். அது ஒன்பது இலக்கங்கள் கொண்டது. புதிதாக ஒன்றைப் பதிய முன், ஏற்கெனவே இருக்கிறதா என்று ஐரோப்பிய ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். வேறொரு பீடத்தில் யாரோ பதிந்திருப்பார்கள். ஒரே பல்கலைக்கழகத்துக்கு இரண்டு இலக்கம் உண்டானால் அதைச் சரிப்படுத்துவது பெரிய அலைச்சல்.

ஆய்வாளரை அடையாளம் காட்டும் உங்கள் ஓர்க்கிட் இலக்கம், இரண்டு பக்கத் தன்விவரம், கடைசி ஐந்து ஆண்டு வெளியீடுகளின் பட்டியல், பல்கலைக்கழகத்தின் கணக்காய்வு செய்யப்பட்ட கடைசி நிதி அறிக்கை. இவை ஒரு கோப்பில் இருக்கட்டும். வெளியீடுகளில் வளாகத்தின் பெயரை ஒவ்வொரு கட்டுரையிலும் ஒவ்வொரு விதமாக எழுதியிருந்தால் இன்றைக்கே ஓர்க்கிட்டில் திருத்துங்கள். மதிப்பீட்டாளர் உங்களைத் தேடிப் பார்ப்பார்.

கடைசியாக, உங்களிடம் மட்டும் இருப்பது என்ன என்று பத்து வரியில் எழுதி வையுங்கள். புறாமலையில் தொடர்ச்சியாக எடுத்த நீர் வெப்பநிலைத் தரவு, நிலாவெளி மீனவர் சங்கத்தோடுள்ள பழக்கம், தமிழிலும் சிங்களத்திலும் நேர்காணல் செய்யக்கூடிய மாணவர்கள். பங்காளி இவற்றுக்காகத்தான் உங்களோடு சேர்கிறார். அவரிடம் உள்ள இயந்திரம் உங்களிடம் இல்லையே என்று சங்கடப்படத் தேவையில்லை.

3. பங்காளியின் தகுதியைச் சரிபாருங்கள்

நல்ல விஞ்ஞானி என்பதும் தகுதியுள்ள விண்ணப்பதாரர் என்பதும் வேறு வேறு. இருதரப்பு அழைப்புகளில் முதன்மை ஆய்வாளருக்கு நிரந்தரப் பதவி இருக்க வேண்டும் என்று பெரும்பாலும் கேட்பார்கள். உங்களோடு உற்சாகமாக மின்னஞ்சலில் பேசும் இளம் ஆய்வாளர் தற்காலிக ஒப்பந்தத்தில் இருந்தால், அவருடைய பேராசிரியரை முதன்மை ஆய்வாளராகவும் அவரை இணை ஆய்வாளராகவும் போடச் சொல்லுங்கள். ஓய்வுபெறும் திகதியையும் கேளுங்கள். திட்டம் முடிய முன் அவர் ஓய்வுபெறுவதாக இருந்தால் சில அழைப்புகளில் அதுவே தடையாகும். இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று தயங்குவார்கள். அனுபவமுள்ள பங்காளி இப்படிக் கேட்பவரைத்தான் மதிப்பார்.

தகுதி சரி என்றால், வேலையை யார் யார் எப்படிப் பிரிப்பது என்று இப்போதே பேசி எழுத்தில் வையுங்கள். மாதிரியை இங்கே சேகரித்து அங்கே அனுப்புவதோடு நம் வேலை முடிந்துபோகும் திட்டங்கள் ஏராளம். கட்டுரை வரும்போது நம் பெயர் நடுவில் எங்கோ இருக்கும், தரவு அவர்களுடைய கணினியில் இருக்கும். நான்கு விடயங்களை ஒரு மின்னஞ்சலில் எழுதி, பங்காளியின் சம்மதத்தைப் பதிலாக வாங்கிக்கொள்ளுங்கள்: முதற்கட்டுரையின் முதல் ஆசிரியர் யார், மூலத் தரவின் பிரதி எங்கே இருக்கும், நம் மாணவர் எத்தனை பேர் அங்கே போய்ப் பயிற்சி பெறுவார்கள், திட்டம் முடிந்ததும் இங்கே வந்த கருவி யாருக்கு. பின்னர் வரும் முறையான ஒப்பந்தத்துக்கு இந்த மின்னஞ்சலே அடிப்படையாகும்.

4. ஒரே பக்கக் குறிப்பு எழுதுங்கள்

முழு முன்மொழிவுக்கு முன் ஒரு பக்கம் போதும். கேள்வி, இடம், முறை, இரு பக்கமும் செய்யும் வேலை, அண்ணளவான தொகை. இதை இரண்டு பேரும் சேர்ந்து எழுதுங்கள். பிறகு இரண்டு நாட்டு நிதி நிறுவனங்களிலும் உள்ள பொறுப்பு உத்தியோகத்தருக்கு அனுப்பி, இந்த விடயம் அழைப்பின் துறைகளுக்குள் வருகிறதா என்று கேளுங்கள். அநேகமாகப் பதில் தருவார்கள். ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்துகொள்ளக்கூடியதை அனுமானித்துக்கொண்டு மாதக்கணக்கில் எழுதுவதில் அர்த்தமில்லை.

தலைப்பை இந்தக் கட்டத்திலேயே உறுதி செய்யுங்கள். இருதரப்பு விண்ணப்பத்தில் இரண்டு பக்கமும் ஒரே தலைப்பு, ஒரே ஆய்வாளர் பெயர்கள், ஒரே காலப்பகுதி இருக்க வேண்டும். பங்காளி கடைசி நேரத்தில் ஒரு நல்ல சொல்லைச் சேர்த்துவிட்டு உங்களுக்குச் சொல்லாமல் விட்டால், பதிவு செய்யும் அலுவலகத்தில் "சேர், இந்தத் தலைப்பு வேற, அந்தத் தலைப்பு வேற, எதை எதோட சேர்க்கிறது?" என்றுதான் கேட்பார்கள்.

5. அனுமதிகளை இப்போதே தொடங்குங்கள்

திருகோணமலையில் ஆய்வு செய்பவர் மிக அதிகமாக இடறும் படி இது. நிதி கிடைத்த பிறகு அனுமதி கேட்கலாம் என்று விடுகிறார்கள். நிதி வந்ததும் திட்டத்தின் மாதங்கள் ஓடத் தொடங்கிவிடும், அனுமதிக் கடிதம் வரும்போது கடல் கொந்தளிக்கும் காலமாகியிருக்கும்.

புறாமலை 2003 முதல் தேசிய பூங்கா. அங்கே ஒரு சிப்பி ஓட்டை எடுப்பதற்கும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆய்வு அனுமதி வேண்டும். வெளிநாட்டவர் கேட்பதானால் உள்ளூர்ப் பங்காளி ஒருவரைக் காட்ட வேண்டும், அது நீங்கள்தான். சுற்றுலா விசாவில் வந்திறங்கி நேரே படகேறும் பங்காளியை அன்போடு தடுத்து நிறுத்துங்கள். அனுமதி இல்லாமல் எடுத்த மாதிரியை வைத்து எந்த நல்ல சஞ்சிகையிலும் கட்டுரை வெளியிட முடியாது. சட்டச் சிக்கல் வந்தால் அவர் ஊருக்குப் போய்விடுவார், இங்கே இருந்து பதில் சொல்வது நீங்கள்.

பவளத் துண்டை வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது இன்னொரு தனி வேலை. கடினப் பவளங்கள் அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகம் பற்றிய சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளன. விரல் நுனியளவு துண்டானாலும் ஏற்றுமதி அனுமதிப் பத்திரம் இல்லாமல் விமான நிலையத்தைத் தாண்டாது, தாண்டினாலும் மறுமுனைச் சுங்கத்தில் மாட்டும். முடிந்த அளவு பகுப்பாய்வை இங்கேயே செய்வதாகத் திட்டத்தை அமையுங்கள். அதற்கான கருவியை நிதியில் கேட்பதற்கும் அது நல்ல நியாயமாகும்.

ஆழ்கடல் பக்கம் போவதானால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். திருகோணமலைத் துறைமுகத்தின் வாசலிலிருந்தே ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்கு அதில் பெரிய ஆர்வம். ஆனால் இதே துறைமுகத்தில் கடற்படைத் தளமும் இருக்கிறது. வெளிநாட்டு ஆய்வுக் கப்பல் வருவதற்கு வெளிநாட்டலுவல்கள் அமைச்சும் பாதுகாப்பு அமைச்சும் சம்மதிக்க வேண்டும். 2024ஆம் ஆண்டில் இலங்கை வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களின் வருகையை ஓர் ஆண்டுக்கு நிறுத்தியே வைத்திருந்தது. அதனால் கப்பல் வந்தால்தான் ஆய்வு நடக்கும் என்ற திட்டத்தை எழுதாதீர்கள். தேசிய நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனமான நாராவுடன் சேர்ந்து உள்ளூர்ப் படகில் செய்யக்கூடிய ஒரு பகுதி கட்டாயம் இருக்கட்டும். ஆளில்லா விமானத்தால் கரையோரத்தைப் படம் எடுப்பதற்கும் தனி அனுமதி உண்டு, அதையும் பட்டியலில் சேருங்கள்.

கடலை விட்டுக் கரைக்கு வந்தால், கன்னியா வெந்நீரூற்றில் நீர் மாதிரி எடுக்கத் தொல்பொருள் திணைக்களத்திடம் கேட்க வேண்டும். மக்களிடம் நேர்காணல், இரத்த மாதிரி என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி இரண்டு நாட்டிலும் வேண்டும். பங்காளியின் பல்கலைக்கழகம் கொடுத்த அனுமதி இங்கே செல்லாது. ஆட்களின் விவரம் வெளிநாட்டுக் கணினிக்குப் போவதானால் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனதில் வைத்து, பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் இங்கேயே நீக்கிவிட்டு அனுப்புவதாக எழுதுங்கள்.

விண்ணப்பிக்கும் நாளில் எல்லா அனுமதியும் கையில் இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் விண்ணப்பித்த கடிதத்தின் பிரதியோ திணைக்களத்தின் கொள்கையளவு சம்மதமோ இணைக்கப்பட்டிருந்தால், இந்த ஆள் நிலத்தில் வேலை செய்து பழகியவர் என்று மதிப்பீட்டாளருக்கு விளங்கும்.

6. கையொப்ப நாட்காட்டியைப் பின்னோக்கி எழுதுங்கள்

இறுதித் திகதியை ஒரு தாளின் அடியில் எழுதுங்கள். அங்கிருந்து மேலே போங்கள்.

விண்ணப்பத்தில் நிறுவனத் தலைவரின் கையொப்பம் கேட்டால் அது பெரும்பாலும் துணைவேந்தருடையது. அவர் இருப்பது பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் உள்ள வந்தாறுமூலையில். மூதூர், வாகரை வழியாக நூறு கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டும். அவர் கையொப்பமிட முன் வளாக முதல்வரின் சிபார்சு வேண்டும். அதற்கு முன் பீடாதிபதி, அதற்கு முன் துறைத்தலைவர். நிதிப் பொறுப்பு எதையாவது பல்கலைக்கழகம் ஏற்பதானால் நிதியாளரும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் கோப்பு சில நாள் இருக்கும். யாரும் வேண்டுமென்று தாமதிப்பதில்லை, பரீட்சைக் காலம், பட்டமளிப்பு, நீண்ட வார இறுதி என்று ஏதாவது வந்துவிடும். கையொப்பங்களுக்கு மட்டும் ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

புரிந்துணர்வு ஒப்பந்தம் கேட்கும் அழைப்பாக இருந்தால் கதை வேறு. அது பல்கலைக்கழகத்தின் மூதவைக்கும் பேரவைக்கும் போகும். இவை பொதுவாக மாதத்துக்கு ஒரு தடவைதான் கூடும், நிகழ்ச்சி நிரல் அதற்கும் முன்பே மூடப்படும். வெளிநாட்டு நிறுவனம் என்பதால் சட்டமா அதிபர் திணைக்களத்தின் அபிப்பிராயமும் கேட்கப்படலாம். மாதங்கள் எடுக்கும். எனவே அழைப்பை வாசிக்கும்போது, கேட்பது புரிந்துணர்வு ஒப்பந்தமா வெறும் விருப்பக் கடிதமா என்று முதலில் பாருங்கள். பல அழைப்புகளுக்கு விருப்பக் கடிதம் போதும். தேவையில்லாமல் ஒப்பந்தத்துக்கு ஓடி, அது வருவதற்குள் இறுதித் திகதி போய்விட்டது என்ற கதை நம்மிடையே நிறைய உண்டு.

ஒரு சிறு உபாயம்: எல்லா மேசைக்கும் முழு விண்ணப்பம் தேவையில்லை. நான்காம் படியில் எழுதிய ஒரு பக்கக் குறிப்பு, வரவு செலவுச் சுருக்கம், பல்கலைக்கழகம் எதற்குப் பொறுப்பேற்கிறது என்ற ஒரு பந்தி ஆகிய மூன்றையும் வைத்து அனுமதியைத் தொடங்குங்கள். கோப்பு நகரும்போது நீங்கள் எழுதிக்கொண்டிருக்கலாம்.

7. இப்போது முன்மொழிவை எழுதுங்கள்

இதைப் பற்றி நீட்டத் தேவையில்லை, ஆய்வு எழுதத் தெரிந்தவருக்கு எழுதத் தெரியும். கூட்டாய்வு விண்ணப்பத்துக்கே உரிய மூன்று விடயங்களை மட்டும் சொல்கிறேன்.

ஏன் இரண்டு நாடு? இதற்கு ஒரு பந்தியில் நேரான பதில் வேண்டும். "அனுபவப் பரிமாற்றம்" என்பது பதில் அல்ல. தமிழ்நாட்டு ஆய்வாளர் மன்னார் வளைகுடாவின் பவளங்களைப் பார்க்கிறார், நீங்கள் வங்கக் கடல் பக்கத்துப் பவளங்களைப் பார்க்கிறீர்கள், ஒரே வெப்ப அலைக்கு இரண்டும் எப்படி வேறுபட்டு நடக்கின்றன என்று ஒப்பிடுகிறீர்கள். இது பதில்.

கால அட்டவணை நம் கடலுக்கு ஒத்ததா? கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருப்பது மே முதல் செப்டெம்பர் வரை. வாடைக்காற்றும் மாரியும் தொடங்கினால் மாசி வரை புறாமலைப் பக்கம் நீருக்குள் எதுவும் தெரியாது. தென்மேற்குக் கரையின் ஹிக்கடுவையைப் பார்த்துப் பழகிய வெளிநாட்டவர் டிசம்பரில் சுழியோடத் திட்டம் போடுவார். நிதி ஒக்டோபரில் தொடங்கினால் முதல் ஆறு மாதத்துக்கு ஆய்வுகூட வேலை, பழைய தரவு ஒழுங்கமைப்பு, மாணவர் பயிற்சி என்று போடுங்கள். இதை விளக்கி ஒரு வரியும் எழுதுங்கள், மதிப்பீட்டாளருக்குக் கிழக்குக் கரையின் பருவம் தெரியாமல் இருக்கலாம்.

ஹொரைசன் விண்ணப்பத்தில் சிறப்பு, தாக்கம், நடைமுறைப்படுத்தல் என்று மூன்று அளவுகோல்கள். நம்மவர்கள் முதலாவதில் பக்கங்களை எல்லாம் செலவழித்துவிட்டு மற்ற இரண்டையும் அவசரத்தில் நிரப்புகிறார்கள். தாக்கம் என்ற பகுதியில் மீனவர், படகோட்டி, பூங்கா உத்தியோகத்தர் ஆகியோருக்கு என்ன மாறும் என்று நம் இடத்தை அறிந்தவராக எழுதுங்கள். ஐரோப்பியப் பங்காளியால் எழுத முடியாத பகுதி அது.

8. பணத் திட்டம்

இலங்கை ரூபாவில் தரப்படும் நிதியில், இறக்குமதி செய்யும் இரசாயனங்களும் உதிரிப்பாகங்களும்தான் கணக்கைக் குழப்பும். 2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு மேல் ஏறியபோது, ரூபாவில் ஒதுக்கிய தொகையால் பாதிப் பொருளைத்தான் வாங்க முடிந்தது. எனவே இறக்குமதிப் பொருட்களை முதலாம் ஆண்டிலேயே வாங்குவதாகப் போடுங்கள். வரி, சுங்கத் தீர்வை, கொழும்பிலிருந்து கொண்டுவரும் செலவு ஆகியவை விலைக்கோரலில் அடங்கியுள்ளனவா என்றும் கேளுங்கள்.

படகு வாடகையையும் எரிபொருளையும் நாட்கணக்கில் போடுங்கள், "களப்பணி" என்று மொத்தமாக எழுத வேண்டாம். பார்வையாளர் பருவத்தில் நிலாவெளிப் படகுகளுக்குக் கிராக்கி, வாடகையும் ஏறும், அந்தப் பருவமே உங்கள் ஆய்வுப் பருவமும்.

நிர்வாகச் செலவாகப் பல்கலைக்கழகம் ஒரு வீதத்தை எடுக்கும். நிதி நிறுவனம் அதை அனுமதிக்கிறதா என்று பாருங்கள். ஹொரைசனில் நேரடிச் செலவின் மேல் 25 வீதம் மறைமுகச் செலவாகக் கிடைக்கும். நம் இருதரப்பு நிதியில் அப்படி எதிர்பார்க்க முடியாது. இரண்டு விதியும் மோதினால் நிதியாளரோடு விண்ணப்பத்துக்கு முன்பே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

9. சமர்ப்பிக்கும் நாள்

இறுதி நேரம் எந்த நாட்டு நேரம் என்று பாருங்கள். பிரசெல்ஸ் நேரம் மாலை 5 மணி என்றால் நமக்குக் கோடையில் இரவு 8.30, குளிர்காலத்தில் 9.30. இது பரவாயில்லை. டோக்கியோ நேரம் நண்பகல் 12 என்றால் நமக்குக் காலை 8.30. அன்று அலுவலகம் திறந்தவுடன் கையொப்பம் வாங்கி அனுப்பலாம் என்று நினைத்தவர் பேருந்தில் இருக்கும்போதே அழைப்பு மூடிவிடும். பீஜிங் மாலை 4 மணி நமக்குப் பகல் 1.30.

இரண்டு நாள் முன்னதாக அனுப்புங்கள். அனுப்பியதும் இரண்டு பக்கத்துப் பதிவு இலக்கங்களையும் பங்காளியோடு பரிமாறிக்கொள்ளுங்கள். அவர் அனுப்பிவிட்டார் என்று நம்பிக்கொண்டு இருக்க வேண்டாம், பதிவு உறுதிப்படுத்திய மின்னஞ்சலின் பிரதியையே கேளுங்கள்.

10. நிதி கிடைத்த பிறகு

ஹொரைசனில் இறுதித் திகதியிலிருந்து ஒப்பந்தம் வரை ஏறத்தாழ எட்டு மாதம் எடுக்கும். ஐந்து மாதம் மதிப்பீடு, மூன்று மாதம் ஒப்பந்தம். சாட்ரெப்ஸில் முதலில் கிடைப்பது நிபந்தனையுடனான தெரிவு. அதன் பிறகு அரச மட்டத்தில் ஜைக்காவுடன் ஓர் ஆவணமும், இரண்டு ஆய்வு நிறுவனங்களுக்கு இடையே கூட்டாய்வு ஒப்பந்தமும் கையொப்பமாக வேண்டும். இந்த இடைவெளியில் மாணவரைச் சேர்த்து வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். ஒப்பந்தத் திகதிக்கு முன் செய்த செலவைத் திருப்பித் தர மாட்டார்கள்.

ஒப்பந்தம் வந்ததும் முதல் வாரத்தில் மூன்று வேலை. நிதியாளர் பிரிவில் திட்டத்துக்குத் தனிக் கணக்கு இலக்கம் கேளுங்கள், மற்ற நிதியோடு கலந்தால் அறிக்கை எழுத முடியாது. பெறுகைப் பட்டியலைக் கொடுங்கள். கருவி எங்கிருந்து வந்தாலும் அரச நிதி என்றால் பெறுகை நடைமுறை உண்டு, விலைக்கோரல், தொழில்நுட்ப மதிப்பீடு, குழுத் தீர்மானம் என்று போகும். ஒரேயொரு கம்பனியின் மாதிரிக்கு மட்டும் பொருந்தும்படி விவரக்குறிப்பை எழுதினால் குழு திருப்பி அனுப்பும். உங்களுக்கு வேண்டிய துல்லியத்தையும் அளவு எல்லையையும் எழுதுங்கள். மூன்றாவதாக, உங்களுடைய வெளிநாட்டுப் பயணத்துக்கான விடுமுறை அனுமதியைத் தொடங்குங்கள்.

பற்றுச்சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நிலாவெளியில் படகோட்டியிடம் அச்சடித்த பற்றுச்சீட்டு இருக்காது. பெயர், படகின் பதிவு இலக்கம், திகதி, தொகை, கையொப்பம் உள்ள ஒரு வவுச்சரை நீங்களே தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்துக் கொண்டுபோங்கள். அந்த வடிவம் செல்லுமா என்று உள்ளகக் கணக்காய்வாளரிடம் முதலிலேயே காட்டி ஒப்புதல் வாங்குங்கள். அப்புறம் இரண்டு வருடம் கழித்து, படகோட்டியைத் தேடி நிலாவெளிக் கரையெல்லாம் அலைய வேண்டியிருக்காது.

அறிக்கைத் திகதிகளை இரண்டு நாட்டுக்கும் சேர்த்து ஒரே அட்டவணையில் எழுதிப் பங்காளிக்கும் அனுப்புங்கள். இருதரப்பு நிதியில் ஒரு பக்கம் முன்னேற்ற அறிக்கை பிந்தினால் மறுபக்கத்தின் அடுத்த தவணைப் பணமும் நிற்கக்கூடும். தெரிவாகாவிட்டால் மதிப்பீட்டாளரின் குறிப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அனுமதிக் கோப்பை மூடாமல் வைத்திருங்கள். பவளத்துக்கான ஆய்வு அனுமதி கையில் இருந்தால், அடுத்த அழைப்புக்கு ஆறாம் படியிலிருந்தே தொடங்கலாம்.